விலைவாசி

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
சட்பரியில் மைனஸ் இருபத்தாறு.
கையுறையைப் பல்லால் கழற்றி
டேப்லெட்டில் விரல் வைக்கிறேன்.
இந்த விரலைத் தெரியாது என்கிறது அது.

அரசாங்கம் என்னைக் கடைக்கு அனுப்புகிறது,
எதையும் வாங்காமல் வரச்சொல்லி.
அதே கடை, அதே தட்டு, அதே டப்பா.
போன மாதம் விட்ட இடத்திலிருந்து
மேலே வாசிக்க வேண்டும்.
விலைவாசி என்ற சொல்லில்
பின்பாதி மட்டும் என் உத்தியோகம்.

யானை விலை குதிரை விலை என்று ஊர் புலம்பும்.
என் பட்டியலில் யானையும் இல்லை, குதிரையும் இல்லை.
தக்காளி, ஒரு கிலோ.
குளிர்கால டயர் மாட்டும் கூலி.
நாய்க்குத் தடுப்பூசி.
கறுப்புக் கம்பளிக் காலுறை, மூன்று சோடி.
காலுறைக்கு அருகே அதிக நேரம் நின்றேன் போல,
கடைப்பெண் இரண்டு வரிசை பின்தொடர்ந்து வந்தாள்.
அடையாள அட்டையைக் காட்டினேன்.
"எழுதிக்கொண்டு போய்க் குறைப்பீர்களா?"
"இல்லை. எழுதுவது மட்டும்."
"அப்படியா" என்று முட்டைப் பக்கம் போனாள்.
ஒட்ட வேண்டிய புதுச் சீட்டுகள் அவள் கையில் இருந்தன.
ஒட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஓட்ஸ் பிஸ்கட் ஏறவில்லை.
அதே உயர டப்பா, அதே சிரிக்கிற அணில்.
பின்பக்கத்துப் பொடி எழுத்தில்
நானூறு கிராம் முந்நூற்று நாற்பதாகியிருந்தது.
இதெல்லாம் எங்களிடம் நடக்காது.
எடையைத் தட்டியதும்
பதினேழு சதவீதச் சொச்சம் என்று
கணக்கு அணிலின் வாலைப் பிடித்துவிட்டது.

ஆனால் ரெஜான்.
எல்ம் தெரு முடிதிருத்தகம், ஆண்கள் வெட்டு,
இருபத்திரண்டு டாலர். ஆறு வருடமாக இருபத்திரண்டு.
நுரையீரலைச் சுரங்கத்தில் விட்டு வந்தவனிடம்
கூட்டிக் கேட்க வாய் வராது என்பார்.
இன்று நாற்காலியில் ஒரு கிழவர்
வெட்டு முடிந்தும் எழவில்லை.
தலையைக் குனிந்து, கண்ணை மூடி இருந்தார்.
சூடான ஈரத் துண்டொன்றைப்
பிடரியில் போடுவது அங்கே வழக்கம்.
"துண்டு நிறுத்திவிட்டேன், ஓர்வல்.
சலவைக்காரன் கூட்டிவிட்டான்."
கிழவர் கண் திறந்தார்.
பிடரியைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டார்.
இருபத்திரண்டு எண்ணி வைத்தார்,
மேலே இரண்டு, எப்போதும்போல்.

துண்டுக்கு எத்தனை கிராம்?
தரம் மாறியதா என்று ஒரு கட்டம் உண்டு.
ஆம் என்றால் ஒட்டாவாவிலிருந்து அழைப்பு வரும்.
எவ்வளவு, என்பார்கள்.
ஓர் உள்ளங்கை அகலம். ஒரு நிமிடச் சூடு.
மாற்றமில்லை என்று தட்டினேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ரெஜான்
தரையைக் கூட்டத் தொடங்கினார்,
கூட்டிய இடத்தையே.

திரும்பும் வழியில் அந்த ராட்சச நாணயம்,
பனிக்குல்லாய் போட்டு, முப்பது அடி.
அத்தனை வளர்ந்தும்
அதன்மேல் எழுதியிருப்பது ஐந்து சதம்தான்.

கதவடியில் வீட்டுக்காரர் கடிதம்.
மங்கையர்க்கரசி உறையில் மங்கையாகச் சுருங்கியிருந்தேன்.
எடை குறைந்து விலை ஏறியிருந்தது:
வாடகை உயர்வு, நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி,
புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம்.
அந்தப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ
என் தக்காளி, என் காலுறை,
நான் காத்திருந்து எழுதிய முட்டை.
மலைவாசி, நகரவாசி என்கிறோமே,
மூன்றாம் மாடி, முந்நூற்றாறில் நான் விலைவாசி.

இன்று எழுதாமல் விட்ட துண்டு
அடுத்த வருடக் கடிதத்தில் இராது.
அந்த அளவுக்கு வாடகை எனக்குக் குறையும்.
உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
ஒரு சதம் தேறவில்லை.
ஒரு சதக் காசை நாடே கைவிட்டுப்
பல வருடமாயிற்று.